பழவேற்காட்டின் ஒப்பந்தங்கள்: கவுல் முதல் முன்பணம் வரை

சட்டம் படிக்கச் சேரும் மாணவர் முதலாண்டிலேயே சந்திக்கும் பாடங்களில் ஒன்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். முன்மொழிவு, ஏற்பு, மறுபயன், தன்னிச்சையான இசைவு என்று வரையறைகளை மனப்பாடம் செய்வார். லண்டனில் சளிக்காய்ச்சல் மருந்து விற்ற கம்பெனியின் மீது ஒரு பெண்மணி தொடுத்த வழக்கைத் தேர்வில் எழுதுவார், தேறிவிடுவார். சென்னை உயர் நீதிமன்றத்தை ஒட்டியிருந்த டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி 2018இல் இடம் மாறியபோது, அதன் ஒரு பகுதி திருவள்ளூர் மாவட்டத்துப் பட்டரைப்பெரும்புதூருக்குப் போனது. அதே மாவட்டத்தின் கடலோரத்தில்தான் பழவேற்காடு இருக்கிறது. ஒப்பந்தம் என்றால் என்ன என்பதை லண்டன் வரை போகாமல் படிக்க அந்த ஏரிக்கரையில் நானூறு ஆண்டு வரலாறு கிடக்கிறது.

1610இல் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடபதி ராயர், டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் வணிகம் செய்ய அனுமதித்துக் கவுல் கொடுத்தார். கவுல் என்பது அரசர் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழிப் பத்திரம். அடுத்த ஆண்டே அதற்கு ஒரு சோதனை வந்தது. 1611 ஆகஸ்டில் 'குளோப்' என்ற ஆங்கிலேயக் கப்பல் பழவேற்காட்டுக்கு வந்து நின்றது. டச்சு அதிகாரி வான் வெர்சிக்கே, கவுலைச் சுட்டிக்காட்டி, டச்சு இளவரசர் மாரிஸின் அனுமதிச் சீட்டு இல்லாத எந்த ஐரோப்பியரும் இங்கே வணிகம் செய்யக்கூடாது என்றார். எங்களிடம் எங்கள் அரசரின் அனுமதி இருக்கிறது என்று ஆங்கிலேயர் வாதாடினார்கள். வாதம் எடுபடவில்லை. கப்பல் வடக்கே பேட்டப்பொலிக்கும் மசூலிப்பட்டினத்துக்கும் போய்விட்டது. ஒப்பந்தம் அதில் சேர்ந்தவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும் என்று பாடப்புத்தகம் சொல்லும். பழவேற்காட்டிலோ, கையெழுத்திடாத மூன்றாமவரைத் துரத்துவதற்கே ஒப்பந்தம் பயன்பட்டது! 1613இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை, சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனியின் தலைமையிடம் இந்தக் கோட்டைதான்.

டச்சுக்காரர்களுக்கு வேண்டியிருந்தது துணி. கிழக்கிந்தியத் தீவுகளில் மிளகும் கிராம்பும் வாங்க, சோழமண்டலத் துணிதான் பணம் போலப் பயன்பட்டது. ஆனால் கம்பெனி நெசவாளரிடம் நேரே போகவில்லை. மலையா, அவர் தம்பி சின்னண்ணா போன்ற பெரிய செட்டி வணிகர்களிடம் ஒப்பந்தம் செய்துகொண்டு முன்பணம் கொடுத்தது. வணிகர் அதில் ஒரு பகுதியைத் தறிக்காரருக்குக் கொடுத்தார். மாதிரித் துணி ஒன்று கம்பெனியிடம் இருக்கும். நெய்து வந்ததை அதோடு ஒப்பிட்டுப் பார்த்து, தரம் குறைந்தால் விலையைக் குறைப்பார்கள் அல்லது திருப்பி அனுப்புவார்கள். இன்றைய ஏற்றுமதி ஆர்டரும் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. முன்பணம் என்றாலே அடிமைத்தனம் என்று நினைத்துவிடக் கூடாது. தென்னிந்திய நெசவாளர்களைப் பற்றி ஆராய்ந்த வரலாற்றாசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதி, அக்கால வழக்கம் நெசவாளர் பக்கமே சாய்ந்திருந்ததாகக் காட்டுகிறார். வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நெசவாளர் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். வணிகருக்கு அப்படித் திடீரென்று பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமை இல்லை. வேறு வணிகர் கூடுதல் விலை தந்தால் நெசவாளர் பழைய கணக்கை முடித்துவிட்டுப் போய்விடுவார். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயக் கம்பெனி ஆட்சியைப் பிடித்த பிறகுதான், அரசு அதிகாரத்தைக் கொண்டு இந்த வழக்கத்தை உடைத்தது. முன்பணம் அதே முன்பணம்தான். வெளியேறும் கதவு யார் கையில் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் மாறிப்போனது.

கதவே இல்லாத ஒப்பந்தமும் இந்தக் கரையில் நடந்தது. 17ஆம் நூற்றாண்டில் பஞ்சம் வந்த போதெல்லாம் மக்கள் தம்மையும் பிள்ளைகளையும் விற்றார்கள். டச்சுக் கப்பல்கள் பழவேற்காடு உள்ளிட்ட துறைமுகங்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களை அடிமைகளாக பத்தாவியாவுக்குக் கொண்டுபோயின. விற்றவரும் இசைந்தார், வாங்கியவரும் விலை கொடுத்தார். இதில் இசைவு எங்கே இருக்கிறது?

ஆங்கிலேயர் காலச் சட்டம் இந்தக் கேள்விக்கு இரண்டு விதமாகப் பதில் சொன்னது. 1859இன் 13ஆம் சட்டப்படி, முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலைக்கு வராவிட்டால் நீதிபதி அவரை வேலை செய்யவோ பணத்தைத் திருப்பித் தரவோ உத்தரவிடலாம், மீறினால் மூன்று மாதம் வரை சிறைக்கு அனுப்பலாம். முதலில் கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களுக்காக வந்த இந்தச் சட்டம், 1925இல்தான் நீக்கப்பட்டது. இதற்கு நடுவில் வந்ததுதான் 1872ஆம் ஆண்டுச் சட்டம். தன்னிச்சையான இசைவு இல்லாமல் ஒப்பந்தம் இல்லை என்று அது அழகாகச் சொன்னது. ஆக, ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு சட்டம் சுதந்திரத்தைப் பேச, இன்னொரு சட்டம் சிறைக்கதவைத் திறந்து வைத்திருந்தது. வகுப்பில் முதலாவதை மட்டும் படிப்பது பாதி வரலாற்றைப் படிப்பதுதான். 1899இல் 16ஆம் பிரிவு திருத்தப்பட்டது. மற்றவரின் விருப்பத்தை ஆட்டிவைக்கும் நிலையில் உள்ளவர் செய்த ஒப்பந்தம் பார்த்தவுடனே அநியாயமாகத் தெரிந்தால், அது முறையாக நடந்தது என்று அவரே நிரூபிக்க வேண்டும் என்றானது.

துணி வணிகம் மறைந்த பின் ஏரியில் மிஞ்சியது மீனும் இறாலும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்களிடையே 'பாடு' என்ற முறை உண்டு. முகத்துவாரத்தை ஒட்டி, கழி நட்டு வலை கட்டும் இடங்களைத் தலைக்கட்டுகளுக்குச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை சுமாரான இடம் வரலாம். பத்திரம் கிடையாது, முன்பணம் கிடையாது, மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து. ஒப்பந்தச் சட்டத்தின் முதல் பிரிவே தொழில் வழக்கங்களுக்கு இடம் விட்டிருக்கிறது என்றாலும், இருவருக்கிடையே நடக்கும் கொடுக்கல் வாங்கலை மனத்தில் வைத்து எழுதிய சட்டத்துக்குள் பாட்டை அடைப்பது கடினம். அதற்காக இதைப் பொற்காலமாக்கிவிடவும் வேண்டாம். தலைக்கட்டு அல்லாதவருக்குச் சீட்டு இல்லை. ஆழமில்லாத தண்ணீரில் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு கையால் இறால் தடவும் இருளருக்கும் இல்லை.

இறாலுக்கு வெளிநாட்டில் விலை ஏறிய பிறகு முன்பணம் மீண்டும் வந்தது. வலைக்கும் படகுக்கும் வியாபாரி கடன் கொடுப்பார். கடன் தீரும் வரை இறாலை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்குப் போட வேண்டும். பழைய நெசவாளரைப் போல, பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக மீனவருக்கும் உரிமை உண்டு. ஆனால் குறைந்த விலைக்குப் போடுபவரிடம் திருப்பிக் கொடுக்கப் பணம் எப்படிச் சேரும்?

இதற்கு விடை ஒப்பந்தச் சட்டத்தில் இல்லை, 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டத்தில் இருக்கிறது. அந்தச் சட்டம் என்றால் திருவள்ளூர் மாவட்டத்து அரிசி ஆலைகளிலிருந்தும் செங்கல் சூளைகளிலிருந்தும் மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதன் வரையறை அதைவிட அகலமானது. முன்பணத்துக்கு ஈடாக, தன் உழைப்பின் விளைபொருளைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமையை ஒருவர் இழப்பதையும் அது சேர்த்துச் சொல்கிறது. 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், பசியும் வறுமையும் தரும் நெருக்கடியும் கட்டாயமே என்று உச்ச நீதிமன்றம் கூறியது. இறால் வியாபாரியின் கணக்கு நோட்டு இந்த வரையறைக்குள் வருமா என்பது ஒவ்வொரு கடனையும் தனித்தனியே பார்த்துத் தீர்க்க வேண்டிய கேள்வி. ஆனால் மீனவர் அப்படி ஒரு முறையீட்டைக் கொண்டுபோனால், அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவரே என்கிறது அந்தச் சட்டத்தின் 15ஆம் பிரிவு.