ஆந்தைத் தலையைத் திறந்தா மை! - விலங்கு மைக்கூடு சேகரிக்கலாமா?

மேஜை மேல ஒரு குட்டி ஆந்தை. தலையைப் பின்னால் சாய்ச்சா, உள்ளே ஒரு கண்ணாடிக் கிண்ணம். அதுல மை! ஒட்டகம்னா முதுகுச் சேணம் திறக்கும். நண்டுன்னா ஓடு திறக்கும். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஐரோப்பிய வீடுகளில் இருந்த உலோக மைக்கூடுகள் இவை. இப்போ இதையெல்லாம் தேடித் தேடிச் சேர்க்கிறவங்க இருக்காங்க. உங்களுக்கும் ஆசை வந்தா, முதல்ல இதைப் படிச்சிடுங்க.

ஏன் விலங்கு?

அப்போ பேனாவுக்குள்ள மை கிடையாது. நிப்பை மையில் தொட்டுத் தொட்டுத்தான் எழுதணும். மை காயாம, தூசி விழாம இருக்க மூடி வேணும். நாள் முழுக்கக் கண் முன்னாடி இருக்குற பொருள், கொஞ்சம் அழகா இருக்கட்டுமேன்னு விலங்கோட தலையையே மூடியாக்கிட்டாங்க. 1884-ல் வாட்டர்மேன் ஃபவுன்டன் பேனாவுக்குக் காப்புரிமை வாங்கினார். மையைத் தனக்குள்ளேயே வெச்சுக்குற பேனாக்கள் பரவப் பரவ, மைக்கூடுகள் பரணுக்குப் போயின.

வியன்னா ஸ்பெஷல்

சேகரிப்பாளர்கள் அதிகம் தேடுவது ஆஸ்திரியாவின் வியன்னா வெண்கலம். வார்த்த வெண்கலத்தின் மேல் கையாலேயே அடுக்கடுக்காக வண்ணம் பூசுவாங்க. சூளையில் சுட மாட்டாங்க. இதில் பெரிய பெயர் ஃபிரான்ஸ் சேவர் பெர்க்மன் (1861-1936). ஜாடிக்குள் ‘பி’ எழுத்து, அவர் பட்டறையின் முத்திரை. ஆனா, முத்திரையைப் போலியாகவும் பொறிக்கலாம். அதை மட்டும் நம்பிப் பணத்தை எடுக்காதீங்க.

வாங்கும்போது கவனிங்க

* உலோகம்: ‘ஸ்பெல்டர்’ என்பது மலிவான துத்தநாகக் கலவை. வெண்கலத்தைவிட எடை குறைவு. பழைய கீறல் இருந்தா உற்றுப் பாருங்க. உள்ளே சாம்பல் நிறம்னா ஸ்பெல்டர், மஞ்சளோ செம்மஞ்சளோ தெரிஞ்சா வெண்கலம் அல்லது பித்தளை. ஸ்பெல்டரும் பழசா இருக்கலாம். ஆனா, வெண்கல விலை கொடுக்காதீங்க.

* உள் கிண்ணம்: அந்தக் காலத்து இரும்பு மை அமிலத்தன்மை கொண்டது, உலோகத்தை அரிக்கும். அதனாலதான் உள்ளே கண்ணாடி அல்லது பீங்கான் கிண்ணம். அது காணாமப் போயிருந்தா விலையைக் குறைச்சுக் கேளுங்க.

* கீல்: மூடியைத் திறந்து மூடிப் பாருங்க. பளபளன்னு புது ஆணி இருந்தா ரிப்பேர் ஆனது.

* அடிப்பாகம்: உண்மையான தேய்மானம், மேஜையில் படுற இடத்தில்தான் இருக்கும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ‘பழசா’ இருந்தா உஷார்!

தேய்க்காதீங்க ப்ளீஸ்!

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நம்ம கை முதல்ல போறது புளிக்கும் பாலிஷுக்கும்தான். அங்கதான் தப்பு நடக்குது. சுடாத வண்ணம் என்பதால், அழுத்தித் தேய்ச்சா உரிஞ்சு வந்துடும். நூறு வருஷமா ஒட்டியிருந்த ஆந்தையின் இறகு நிறம் அஞ்சு நிமிஷத்தில் போயிடும். மறுபடி பூசினாலும் அது பழைய வண்ணம் ஆகாது. மென்மையான உலர்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டுங்க, போதும்.

புளி, பித்தளைக் குடத்துக்கு. ஆந்தை அழுக்காவே இருக்கட்டும்!