மன்னார்க் கரையில் ஒரு பிளேட்டின் ஆயுள்

முகச்சவர பிளேட்டைப் பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரையா என்று வாசகர்களிற் சிலருக்குச் சிரிப்பு வரக்கூடும். என் பத்திரிகை வாழ்வின் பெரும்பகுதி போர்களையும் ஒப்பந்தங்களையும் எழுதுவதிலேயே கழிந்தது. எனினும், ஒரு காலத்து மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை ஒப்பந்தங்களைவிட அவர்கள் வீட்டுக் கண்ணாடியருகே கிடந்த சிறு பொருள்களே தெளிவாகச் சொல்லும் என்பது என் அனுபவம்.

எறிவதற்கென்றே செய்யப்பட்ட பொருள் இந்த பிளேட். அமெரிக்க விற்பனையாளரான கிங் கேம்ப் ஜில்லெட்டின் மனத்தில் இந்த எண்ணம் உதித்தது 1895இல். மெல்லிய உருக்குத் தகட்டைத் தீட்டி, சில நாள் சவரம் செய்து, மழுங்கியதும் வீசிவிட்டுப் புதியதை வாங்கச் செய்வதே அவருடைய திட்டம். 1903ஆம் ஆண்டு முழுவதிலும் விற்பனையானவை 51 சவரக்கருவிகளும் 168 பிளேட்டுகளுமே. அடுத்த ஆண்டில் அவை பல்லாயிரக்கணக்கில் விற்பனையாயின. முதலாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினருக்கு இக்கருவி வழங்கப்பட்டபின், சாணைக் கல்லும் தோற்பட்டையும் வேண்டாத சவரம் உலகெங்கும் பரவியது.

ஆனால், வீசியெறியும் வழக்கத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. அடுத்த பிளேட் தவறாமல் கடைக்கு வந்துசேர வேண்டும். மன்னாரில் அந்த நிபந்தனை பலமுறை பொய்த்தது.

என் தந்தையார் தலைமன்னாரில் புகையிரதப் பகுதியிற் பணியாற்றியவர். 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே ஓடிய கப்பலை நம்பி வாழ்ந்த ஊர் அது. அக்காலத்து பிளேட்டுகள் கரிம உருக்கினாலானவை. துருப்பிடிக்காத உருக்கு பிளேட்டுகள் பரவலானது 1960களின் தொடக்கத்திற்றான். உப்புக்காற்று வீசும் கரையில் ஈரத்தோடு வைத்த பிளேட்டில் மறுநாளே செம்புள்ளி தோன்றிவிடும். எனவே தந்தையார் சவரம் முடிந்ததும் பிளேட்டைக் கழற்றிக் கழுவி உலரவைத்து, தேங்காயெண்ணெய் ஒரு துளி தடவி, அது வந்த மெழுகுத்தாளிலேயே மடித்துவைப்பார். அடுத்த முறை, ஒரு கண்ணாடிக் குவளையின் உட்புறத்தில் பிளேட்டைப் படியவைத்து, விரலால் மெல்ல அழுத்தி இருபுறமும் மாறி மாறித் தேய்ப்பார். அந்தக் கிறீச்சொலியில்தான் எங்கள் வீடு விடிந்தது.

1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. இராமேஸ்வரத்திலிருந்து தொடர்ந்த கப்பற்சேவையும் 1980களில் நின்றது. இதற்கிடையில், 1970 முதல் 1977 வரை ஆண்ட அரசின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால், கடையில் கிடைத்த பொருளை இயன்றவரை நீட்டிக்க நாடு முழுவதுமே பழகிக்கொண்டது. 1977இன் பிற்பகுதியில் சந்தை திறந்துவிடப்பட்டது. பின்னர், மழுங்கியதும் பிடியோடு எறியும் பிளாஸ்ரிக் சவரக்கருவிகளும் வந்தன. தந்தையாரின் குவளையை நாங்கள் மறந்தோம்.

அதை மீண்டும் நான் கண்டது மடுவில். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. தலைமன்னார்ப் புகையிரதமும் நின்றது. தீவிலிருந்தும் கரையோரக் கிராமங்களிலிருந்தும் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். பலர் படகேறித் தமிழகம் போனார்கள். அவ்வாண்டு ஒக்டோபரில் மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர்; அவர்களில் மிகப் பலர் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் போய்ச் சேர்ந்தனர். மடு ஆலயச் சூழலில் ஆயிரக்கணக்கானோர் கொட்டில்களில் இருந்தனர். அப்பகுதி புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்ததால், சவர்க்காரம், மண்ணெண்ணெய், பற்றரி முதலியவற்றை அங்கே கொண்டுசெல்ல அரசு தடைகளும் வரம்புகளும் விதித்திருந்தது.

செய்தி சேகரிக்கப் போன நான், தீவிலிருந்து வந்திருந்த ஒரு மீனவக் குடும்பத்தின் கொட்டிலில் இரவு தங்கினேன். காலையில், சவரக்கருவியைக் கொண்டுவர மறந்தது நினைவுக்கு வந்தது. வீட்டுப் பெரியவர் ஒரு குவளையையும் பழைய பிளேட்டையும் நீட்டினார். எத்தனை மாதம் உழைத்த பிளேட்டோ! நான் கண்களை ஓடவிட்டேன். கிடுகிடையே, உறை பிரிக்காத புத்தம் புதிய பிளேட் ஒன்று செருகப்பட்டிருந்தது. பணம் கொடுத்துவிடலாமே என்ற எண்ணத்தில் கையை நீட்டினேன்.

"அதைத் தொடாதேங்கோ தம்பி," என்றார் அவருடைய மனைவி. "அது மகளின்ர பேறுக்கு வைச்சிருக்கிறது."

மூலையில் நிறைமாதத்தில் அந்தப் பெண் படுத்திருந்தாள். ஆசுபத்திரிக்குப் போக முடியாமற் போனால் தொப்புள்கொடியை வெட்டுவதற்கு அந்த பிளேட். அழுக்கான கருவியால் கொடியை வெட்டினால் சிசுவுக்கு ஏற்புவலி (தமிழகத்தில் ரணஜன்னி என்பர்) வந்து உயிரைப் பறிக்கக்கூடும். தூய பிரசவத்துக்கென உலக நிறுவனங்கள் வழங்கும் சிறு பொதியில் சவர்க்காரம், விரிப்பு, கட்டும் நூல் ஆகியவற்றோடு புதிய பிளேட் ஒன்றும் இருப்பது இதனாற்றான். நான் வெட்கத்தோடு குவளையை வாங்கித் தேய்த்தேன். ஒருவர் பாவித்த பிளேட்டை மற்றவர் பாவிப்பதை இன்று எவருக்கும் சொல்லமாட்டேன். இரத்தத்தால் தொற்றும் மஞ்சட்காமாலையும் எச்.ஐ.வி.யும் அவ்வழியே பரவக்கூடும்.

குவளை உண்மையில் என்ன செய்கிறது? மயிரைவிட உருக்கு ஏறத்தாழ ஐம்பது மடங்கு வன்மையானது. இருந்தும் மயிர்தான் அதை மழுக்குகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.ரி. ஆய்வாளர்கள் 2020இல் 'சயன்ஸ்' இதழில் இதற்கு விளக்கம் அளித்தனர். உருக்கின் நுண்ணமைப்பு எங்கும் ஒரே சீராக இல்லை. மயிர் சாய்வாகப் படும்போது, அந்தச் சீரின்மை உள்ள இடத்தில் விளிம்பு சில்லாகப் பெயர்கிறது. பெயர்ந்த சில்லைக் குவளையால் ஒட்டவைக்க இயலாது. வளைந்துபோன நுனியை ஓரளவு நிமிர்த்துவது மட்டுமே அதனால் ஆகும். தந்தையாரின் மற்றப் பழக்கங்களுக்கும் காரணம் உண்டு. உலர்த்துவதும் எண்ணெயிடுவதும் துருவைத் தடுக்கும். வெந்நீரில் நனைந்த மயிர் மென்மையாகி விளிம்பை அவ்வளவாக வருத்தாது.

இன்று பலர் பாவிக்கும் பல அலகுக் கார்ட்ரிஜ்ஜுக்கும் இவை பொருந்தும். வெந்நீரால் முகத்தை நன்கு நனைத்துவிட்டுத் தொடங்குங்கள். அலகுகளின் இடையே சேரும் மயிரையும் நுரையையும் அடிக்கடி அலசுங்கள். முடிந்ததும் நீரை உதறிவிட்டு, குளியலறை ஈரத்துக்கு வெளியே வைத்து உலரவிடுங்கள். விளிம்பைத் துணியாற் துடைக்க வேண்டாம். பழைய ஜீன்ஸ் துணியில், வெட்டும் திசைக்கு எதிர்த்திசையில் பத்துப் பதினைந்து முறை தள்ளினால் மேலும் சில சவரம் கிடைக்கிறது என்போர் பலர். என் அனுபவமும் அதுவே. தோலை இழுத்து எரிச்சலூட்டத் தொடங்கிய அலகை மட்டும் தயங்காமல் எறிந்துவிடுங்கள்.

2015 மார்ச்சில் தலைமன்னார்த் துறைக்குப் புகையிரதம் மீண்டும் வந்தது. இனிக் குவளைக்கு வேலையில்லை என்று எண்ணினேன். 2022இல் அந்நியச் செலாவணி வற்றி, நாட்டில் விலைகள் தாங்கவொண்ணாமல் ஏறின. அவ்வாண்டு மார்ச்சில் மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மீண்டும் சிலர் படகேறித் தமிழகக் கரையில் இறங்கினர். அச்செய்தியைப் படித்த அன்று என் நினைவுக்கு வந்தது, மடுவிற் கிடுகிடையே இருந்த அந்த பிளேட்தான்.

அந்தப் பெரியவர் ஒரு பிளேட்டை மாதக்கணக்கில் நீட்டியது கஞ்சத்தனத்தால் அன்று. இன்னொன்றின் உறையைப் பிரிக்காமல் வைத்திருப்பதற்காகவே நீட்டினார். எதைத் திரும்பத் திரும்பப் பாவிக்கலாம், எதை ஒருமுறைக்கென்று காத்துவைக்க வேண்டும் என்ற கணக்கு அந்தக் கொட்டிலில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு நாள் கழித்து நான் புறப்படும்வரை குழந்தை பிறக்கவில்லை. பிறந்திருந்தால் இன்று முப்பது வயதைக் கடந்திருக்கும்.