ஷனன் நதிக்கரையில் ஒரு சிதைந்த மடம்

பாழடைந்த கட்டடம் ஒன்றைக் கண்டால் அதனை நிழற்படமாக்கிக்கொள்ள விரும்பாதவர் அரியர். இடிந்த வளைவும் பாசி படர்ந்த சுவரும் மறையும் ஞாயிறும் ஒரு சட்டத்துள் அடங்கிவிட்டால் படம் அழகாகிவிடுகிறது. ஆனால் அழகான படம் வரலாறாகிவிடுமா? அயர்லாந்தின் நடுப்பகுதியில், ஷனன் நதியின் கீழ்க்கரையில் கிடக்கும் குளொன்மக்னொய்ஸ் என்ற மடத்தின் சிதைவுகள் இக்கேள்வியை நம் முன் வைக்கின்றன.

கமெராவுடன் அங்கு செல்பவனின் கண்ணில் முதலிற் படுவன கற்களே. 909ஆம் ஆண்டளவில் எழுப்பப்பட்ட பெருங்கோயில், 1124இல் நிறைவுபெற்று 1135இல் இடி விழுந்து முடியிழந்த வட்டக் கோபுரம், 1167இல் முடிக்கப்பட்ட கன்னியர் கோயிலின் செதுக்கு வளைவுகள் ஆகியவற்றோடு, ஏறக்குறைய 4 மீற்றர் உயரமான மணற்கற் சிலுவையொன்றும் உண்டு. சிலுவையின் சிற்பங்கள் ஆழமற்றவை. உச்சிவெயிலில் அவை மங்கிப்போகும். காலையிலோ மாலையிலோ ஒளி பக்கவாட்டாய் விழும்போதுதான் உருவங்கள் உயிர்பெற்றெழும். ஆயினும் திறந்தவெளியில் நாம் படம் பிடிப்பது மூலச் சிலுவையையன்று, அதன் பிரதியையே. காற்றும் மழையும் அரித்தமையால் மூலச் சிலுவைகளை 1990களில் கட்டடத்தினுள் கொண்டுசென்றுவிட்டனர்.

இம்மடம் இங்கு தோன்றியது தற்செயலன்று. சதுப்புநிலம் சூழ்ந்த அந்நாட்டில், பனியாறுகள் விட்டுச்சென்ற மணல்மேடுகளே இயற்கையான பாதைகளாய் அமைந்தன. கிழக்கு மேற்காய்ச் செல்லும் அத்தகைய பாதையும், வடக்குத் தெற்காய் ஓடும் நதியும் சந்திக்கும் இடம் இது. 6ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கியரான் என்ற துறவி இங்கு மடம் அமைத்தார். அவர் அரசகுலத்தவரல்லர்; வண்டிகள் செய்த தச்சன் ஒருவனின் மகன். 'தச்சன் மகன்' என்றே மக்கள் அவரை அழைத்தனர்.

ஆனால் தச்சன் மகனின் மடம் நெடுங்காலம் ஏழையாய் இருக்கவில்லை. நிலமும் கால்நடையும் குவிந்தன. குடியானவர்கள் அதன் நிலத்தை உழுது அதற்குக் கடமை செலுத்தினர். புகழ்பெற்ற ஓலைச்சுவடிகளை நாம் அறிவோம். இங்கு எழுதப்பட்டவையோ தோற்சுவடிகள். ஐரிஷ் மொழியிலேயே முழுமையாய் எழுதப்பட்டு எஞ்சியுள்ள நூல்களுள் மிகப் பழையதான 'பழுப்புப் பசுவின் நூல்' இம்மடத்தோடு தொடர்புடையது. கன்றுகளின் தோலில்தான் அறிவு எழுதப்பட்டது; அக்கன்றுகளை வளர்த்தவர் எழுத்தறியாதவர். அந்நூலை எழுதியோருள் ஒருவர் 1106இல் கோயிலினுள்ளேயே கொள்ளைக்காரராற் கொல்லப்பட்டார்.

மடத்தின் செல்வமே அதற்குப் பகையாயிற்று. குற்றமெல்லாம் வைக்கிங் கடலோடிகளுடையதே என்று நம்புவது எளிது. ஆனால் ஆண்டுக்குறிப்புக்கள் வேறு கதையும் சொல்கின்றன. 764இல் குளொன்மக்னொய்ஸ் மடத்தாரும் டறோ மடத்தாரும் ஒருவரோடொருவர் போரிட்டனர். டறோவின் தரப்பில் 200 பேர் மாண்டனர். இரண்டும் ஒரே தெய்வத்தை வணங்கிய மடங்கள்! 833இல் காஷெலின் மன்னன் பெய்த்லிமித் கோயில் வாயில்வரை எரித்தான். அவனும் கிறித்தவனே. 1179இல் 105 வீடுகள் தீக்கிரையாயின. 1552இல் அத்லோனிலிருந்து வந்த ஆங்கிலப் படை மணிகளையும் நூல்களையும் சாளரக் கண்ணாடியையும்கூட விட்டுவைக்கவில்லை. அத்தோடு மடத்தின் வாழ்வு முடிந்தது. அந்நியர் செய்த கொடுமையை மறைக்க வேண்டியதில்லை. அதற்கு முன்னரே உள்ளிருந்து எழுந்த தீயை மறப்பதும் வரலாறாகாது.

105 வீடுகள் என்ற அவ்வெண்ணைக் கவனிக்கவேண்டும். அவை இருந்த இடத்தைக் கமெரா காட்டுமா? காட்டாது, அங்கு இன்று புல்வெளியே உண்டு. வீடுகள் மரத்தாலானவை, அழிந்தன. கோயில்கள் கல்லாலானவை, நின்றன. அண்மைக்கால அகழ்வுகள் மண்ணுக்கடியிலிருந்து வட்ட வீடுகளின் தடங்களையும் கல் பாவிய தெருவையும் இரும்பு உருக்கிய கழிவையும் கொம்புச் சீப்புக்களையும் வெளிக்கொணர்ந்தன. நதியினடியிற் கிடைத்த மரப்பாலத்தின் தூண்கள் 804ஆம் ஆண்டளவில் வெட்டப்பட்டவை என்று மரவளையங்களைக் கொண்டு கணித்துள்ளனர். அது துறவிகளின் மடம் மட்டுமன்று, உழைப்பாளிகளின் ஊர்.

இச்சிதைவுகளை ஆராய்ந்தவர்களின் கதையும் படிப்பினை தருவதே. வட்டக் கோபுரங்களைப் பாரசீக நெருப்புக்கோயில்கள் என்றனர் சிலர். அவற்றைப் பௌத்தத்தோடு முடிச்சுப்போட்டு 1834இல் ஹென்றி ஓ'பிறையன் ஒரு நூலே எழுதினார். ஐரிஷ் மக்கள் தம் கையாலேயே அவற்றைக் கட்டியிருப்பர் என்று எண்ண அன்றைய கனவான்கள் பலருக்கு மனம் வரவில்லை. ஜோர்ஜ் பீற்றி என்ற ஓவியரே கட்டட அமைப்பையும் பழஞ்சுவடிகளையும் ஒப்பிட்டு, அவை கிறித்தவ மடங்களின் மணிக்கோபுரங்கள் என்று நிறுவினார். அவரது நூல் வெளிவந்த 1845இலேதான் உருளைக்கிழங்கு அழுகத் தொடங்கியது. பின்வந்த பெரும் பஞ்சத்தில் ஏறக்குறையப் பத்து லட்சம் மக்கள் மாண்டனர். அதற்குக் குறையாதோர் நாடு விட்டு ஓடினர்.

அப்பஞ்சத்தின் பின்னர் கமெராவும் இத்தகைய சிதைவுகளை நாடி வந்தது. பெருநிலவுடைமையாளரான டன்ரேவன் பிரபு நிழற்படக்காரரோடு நாடெங்கும் சென்று பழங்கட்டடங்களைப் படம் பிடிப்பித்தார். அவர் இறந்தபின் மார்கரெட் ஸ்ரோக்ஸ் என்ற அறிஞர் அவற்றை 1875இலும் 1877இலும் இரு தொகுதிகளாய்ப் பதிப்பித்தார். அரிய பணி, ஐயமில்லை. ஆனால் 1880களில் அதே நாட்டில் வேறு சில படங்களும் எடுக்கப்பட்டன. 1888இல் கிளேர் மாவட்டத்தில், வாடகை கொடுக்க இயலாத குடியானவர்களின் வீட்டுச் சுவர்களை இடிமரம் கொண்டு தகர்க்கும் காட்சிகள் அவை. ஒரே நாட்டில் இருவகைச் சிதைவுகள்! முதலாவதைப் பார்க்க இன்றும் பயணிகள் கட்டணம் செலுத்துகின்றனர். இரண்டாவதை யார் தேடிச் செல்கிறார்?

மீண்டும் சிலுவைக்கு வருவோம். அதன் அடியிலுள்ள எழுத்து, மன்னன் பிளானுக்காகவும் சிலுவையைச் செய்வித்த கொல்மானுக்காகவும் பிரார்த்திக்கும்படி கேட்கிறது. செய்வித்தவர் பெயர் உண்டு. செய்தவர் பெயர் இல்லை. பெருங்கோயிலின் 15ஆம் நூற்றாண்டு வாயிலிலும் அதைச் செய்வித்த குருவின் பெயரே பொறிக்கப்பட்டுள்ளது.

எனினும் இம்மடத்தில் 600க்கும் மேற்பட்ட பழைய கல்லறைக் கற்கள் கிடைத்துள்ளன. அவற்றுள் ஒன்றில் ஒரு சிலுவையும் சில எழுத்துக்களும் மட்டுமே உள்ளன: துவாதல் என்ற 'சயெர்' ஒருவனுக்காகப் பிரார்த்தனை. 'சயெர்' என்றால் தச்சன். நம் தமிழிற்போலவே மரத்தச்சனுக்கும் கல்தச்சனுக்கும் அச்சொல் ஒன்றே. அவன் எதைக் கட்டினான், யாருக்காகக் கட்டினான் என்று கல் கூறவில்லை. ஆனால் மன்னரும் குருமாரும் நிறைந்த அவ்விடத்தில், தொழிலையே பட்டமாய்க் கொண்ட ஒரு மனிதனின் பெயர் நிலைத்துவிட்டது.

கமெராவுடன் அங்கு செல்பவர்கள் கோபுரத்தையும் மாலைச் சூரியனையும் படம் பிடிக்கட்டும். அதன்பின் அந்தச் சிறிய கல்லின்முன் குனிந்து, ஒளி பக்கவாட்டாய் விழும்வரை காத்திருக்கட்டும். மடத்தைக் கட்டிய கைகளுக்கு மிக அருகில் அவர்கள் நிற்கும் இடம் அதுவே.