தோட்டாவும் தூக்குக் கயிறும்

ஓய்வு வேளையைக் கழிக்க மாந்தர் கண்ட வழிகள் பல. சிலர் பூச்செடி வளர்ப்பர். சிலர் தபால் தலை சேர்ப்பர். சிலர் தூண்டிலும் கையுமாய் ஆற்றங்கரையில் அமர்வர். அமெரிக்க தேசத்திலோ, சுட்டுத் தீர்ந்த தோட்டாவைப் பொறுக்கி வந்து, வீட்டு மேசையில் வைத்து மீண்டும் நிரப்புவதையே மனத்துக்கு அமைதி தரும் பொழுதுபோக்காகக் கொண்டோர் ஏராளம். அந்த விநோதத்தின் வரலாற்றையும், அதே பித்தளைக் குப்பி நம் மலாயாவில் பெற்ற பொருளையும் அருகருகே வைத்து நோக்குவோம்.

தோட்டாவுக்கு உறுப்புகள் நான்கு: பித்தளைக் குப்பி, அதன் அடியில் தட்டினால் பொறி எழுப்பும் சிறு கிண்ணி, உள்ளே மருந்து, வாயில் ஈயக் குண்டு. சுட்டபின் விலையேறிய குப்பி மட்டும் மிஞ்சும். 1866ஆம் ஆண்டளவில் அமெரிக்கராகிய பெர்டானும் ஆங்கிலேயராகிய பாக்ஸரும் அடிக்கிண்ணியைத் தத்தம் முறையில் அமைத்தனர். பாக்ஸர் முறையில் பழைய கிண்ணியைத் தள்ளி எடுப்பது எளிது. விந்தை யாதெனில், ஆங்கிலேயர் கண்ட முறையை அமெரிக்காவும், அமெரிக்கர் கண்ட முறையை ஐரோப்பாவும் கைக்கொண்டன. கடையும் சந்தையுமற்ற மேற்குச் சமவெளியில் காட்டெருமை வேட்டையாடியோர் தம் முகாமிலேயே தோட்டா நிரப்பினர். 1884இல் ஜான் பார்லோ என்பார் நிறுவிய ஐடியல் கம்பெனி இதற்கான கைக்கருவிகளைப் பலர் கைக்கும் எட்டச் செய்தது. முன்னோர்க்குச் சிக்கனமாயிருந்தது பின்னோர்க்கு இன்பமாயிற்று.

நிற்க. நம் பேராக்குக்கு வருவோம். பீடோரை அடுத்த மலைக்காட்டில், பிளாந்தான் முகாமில், 1943 டிசம்பர் இறுதியில் ஓர் உடன்படிக்கை நிகழ்ந்தது. ஜப்பானியரை எதிர்த்த மலாயாக் கம்யூனிஸ்டுகள் சார்பில் சின் பெங் முதலியோரும், பிரிட்டிஷார் சார்பில் டேவிஸ், புரூம், ஸ்பென்சர் சாப்மன் ஆகியோரும் அமர்ந்து பேசினர். அதன் பயனாய் 1945இல் விமானங்களிலிருந்து துப்பாக்கிகளும் தோட்டாக்களும் காட்டில் இறங்கின. அன்று அவை நேசநாட்டார் தந்த சீர்வரிசை! அவ்வாண்டு டிசம்பரில் கெரில்லாப் படை கலைக்கப்பட்டது. ஒப்படைத்தவை போக எஞ்சியவை காட்டிலேயே மறைந்தன.

1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்டக்காரர் மூவர் கொல்லப்பட்டனர். அவசரகாலம் பிறந்தது. உத்தரவின்றித் தோட்டா வைத்திருப்போர்க்கு மரணம் என்ற விதியும் உடன் பிறந்தது. மூன்றாண்டுக்கு முன் வானத்திலிருந்து வரமாய் இறங்கிய பொருளே கழுத்துக்குக் கயிறாயிற்று.

அக்கயிற்றுக்கு இரையானவருள் ஒருவர், தமிழ்நாட்டிற் பிறந்து இளமையிலேயே மலாயா வந்த எஸ். ஏ. கணபதி. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராயிருந்து தொழிலாளர்க்குக் குரல் கொடுத்தவர் அவர். 1949 மார்ச்சில் ரவாங் அருகே பிடிபட்டபோது அவரிடம் ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் இருந்தன என்பதே குற்றம். கண்டெடுத்த துப்பாக்கியைப் போலீசாரிடம் ஒப்படைக்கச் சென்றதாக அவர் கூறினார் என்பர். மே 4ஆம் நாள் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். ஆறு தோட்டாவுக்கு ஓர் உயிர்!

வன்முறையை நாம் போற்றவில்லை. காட்டிலிருந்து வந்த குண்டுக்குத் தோட்டத்துத் தொழிலாளரும் பலியாயினர். வீடுதோறும் தோட்டா நிரப்பும் மேசை வேண்டும் என்பதும் நம் வாதமன்று. இந்நாட்டில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றி அவ்வாறு செய்வது இன்றும் கடுங்குற்றமே. நாம் கேட்பது வேறு. பொருளைக் கண்டதும் தண்டனையை முடிவுகட்டும் சட்டம், அதை வைத்திருந்தவன் யார், ஏன் வைத்திருந்தான், யாருக்குத் தீங்கிழைத்தான் என்று ஆராய நீதிபதிக்கு இடம் விடுகிறதா? கட்டாய மரண தண்டனையை மலேசியா 2023இல்தான் ஒழித்தது. அவ்வாராய்ச்சிக்கு நீதிபதியின் கை அவிழ்வதற்கு, கணபதி மறைந்தபின் எழுபத்து நான்கு ஆண்டுகள் சென்றன.

குப்பி ஒன்றே, மருந்தும் ஒன்றே. ஓரிடத்தில் அது மாலைநேர விளையாட்டு. மற்றோரிடத்தில் மரண சாசனம். பீடோர் மலையடிவாரத்தில் பால்மரம் வெட்டியோரின் மக்கள் இதனை மறத்தலாகாது.