இரும்பு அறுவடை

தமிழில் ‘எம்டன்’ என்றொரு சொல் உண்டு. எதற்கும் அஞ்சாத சூழ்ச்சிக்காரன் என்னும் பொருளில் நம் முன்னோர் அதனை வழங்கினர். 1914 செப்டம்பர் 22 அன்று இரவு, எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைக் கடற்கரையை அணுகி, நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசியது. பர்மா எண்ணெய் நிறுவனத்தின் கொள்கலன்கள் பற்றி எரிந்தன. அச்சமுற்ற மக்கள் ஆயிரக்கணக்கில் ஊரைவிட்டு வெளியேறினர். அந்த இரவின் நினைவாக உயர்நீதிமன்ற வளாகச் சுவரில் ஒரு கல்வெட்டை இன்றும் காணலாம்.

ஆக, முதல் உலகப்போரின் குண்டுவீச்சு சென்னைக்கு விட்டுச் சென்றவை ஒரு சொல்லும் ஒரு கல்லும். அதே போர் பெல்ஜியத்தின் ஈப்ர் நகரைச் சுற்றியும், பிரான்சின் சோம், வெர்டன் நிலப்பகுதிகளிலும் வாழும் உழவர்களுக்கு விட்டுச் சென்ற சொத்து வேறு. நூறாண்டுகளுக்குப் பின்னும் அவர்களது ஏர்முனையில் வெடிக்காத குண்டுகள் தட்டுப்படுகின்றன. இதற்கு ‘இரும்பு அறுவடை’ என்று பெயரிட்டுள்ளனர். விதைத்தவர்கள் மறைந்துவிட்டார்கள், அறுவடை மட்டும் முடியவில்லை.

போர் எப்போது முடிகிறது என்ற வினாவுக்கு நாம் வரலாற்று நூல்களில் விடை தேடுகிறோம். 1918 நவம்பர் 11, முற்பகல் 11 மணி என்று அவை துல்லியமாகக் கூறுகின்றன. மண்ணுக்குள் கிடக்கும் எறிகணை அந்த மணியோசையைக் கேட்டதில்லை. அதன் கதையைச் சற்றே நிதானமாக நோக்குவோம்.

வெடிக்காமல் போனவை

1916 பிப்ரவரி 21 அன்று வெர்டன் போர் தொடங்கியது. அந்த முதல் நாளில் மட்டும் ஜெர்மானியப் பீரங்கிகள் ஏறத்தாழப் பத்து லட்சம் குண்டுகளைப் பொழிந்தன என்று மதிப்பிடுகின்றனர். அதே ஆண்டு ஜூன் இறுதியில், சோம் ஆற்றங்கரைப் போருக்கு முன்னோடியாக, ஒரு வார காலத்தில் ஆங்கிலேயர் பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டனர். இவற்றுள் கணிசமான பங்கு வெடிக்கவே இல்லை.

காரணங்கள் எளியவை. 1915இல் குண்டுத் தட்டுப்பாடு ஏற்பட்டதும், போதிய பயிற்சியற்றோரைக் கொண்டு புதிய தொழிற்சாலைகள் இரவும் பகலும் இயங்கின. விரைவுக்குத் தரம் பலியாயிற்று. குண்டின் முனையில் அமையும் ‘பியூஸ்’ எனும் வெடிதூண்டி பல வேளைகளில் பழுதாக இருந்தது. நல்ல குண்டாயினும், மழையில் ஊறிய சேற்றில் விழும்போது, வெடிதூண்டிக்குத் தேவையான கடின மோதல் கிடைக்கவில்லை. குண்டு மென்மையாக மண்ணுள் இறங்கி உறங்கிற்று.

உருவில் வேறு, குணத்தில் வேறு

எறிகணை என்று பொதுவாகச் சொல்லிவிட்டாலும் அவை ஒரே இனத்தவை அல்ல.

முதலாவது, ஷ்ராப்னல் குண்டு. ஹென்றி ஷ்ராப்னல் என்ற ஆங்கிலப் பீரங்கிப்படை அதிகாரியின் பெயரைத் தாங்கியது. மெல்லிய எஃகுக் கூட்டுக்குள் நூற்றுக்கணக்கான ஈய உருண்டைகள் அடங்கியிருக்கும். குண்டு வானில் பறந்துகொண்டிருக்கும்போதே அடிப்பகுதி மருந்து வெடித்து, உருண்டைகளை மழைபோல முன்னோக்கித் தள்ளும். வெட்டவெளியில் நிற்கும் மனிதரைக் கொல்லவே இது உருவாயிற்று. வீரர்கள் பதுங்குகுழிகளில் இறங்கியபின் இதன் ஆற்றல் குறைந்தது.

எனவே இரண்டாவது இனம் ஓங்கியது. தடித்த எஃகுச் சுவரும் உள்ளே நிறைந்த வெடிமருந்துமாக, மண்ணையும் கான்கிரீட்டையும் பிளக்கும் உயர்வெடிக் குண்டு அது. பீரங்கிக் குண்டின் கீழ்ப்பகுதியைச் சுற்றி ஒரு செம்புப் பட்டை இருக்கும். பீரங்கிக் குழலின் உட்புறச் சுழல்வரிகள் இந்தப் பட்டையைக் கவ்வி, குண்டைச் சுழலவிட்டு அனுப்புகின்றன.

மூன்றாவது, மோர்ட்டார். பீரங்கி தொலைவை நோக்கிச் சுடுகிறது. மோர்ட்டாரோ செங்குத்தாக வானுக்கு எறிந்து, எதிரியின் குழிக்குள்ளேயே குண்டை இறக்குகிறது. ஜெர்மானியர் இதில் முந்திக்கொண்டனர். 1915இல் ஆங்கிலேயப் பொறியாளர் வில்பிரட் ஸ்டோக்ஸ் மிக எளிய ஒரு வடிவத்தைக் கண்டார். ஒரு வழவழப்பான குழாய், தாங்க இரண்டு கால்கள், அடியில் ஒரு தகடு. வாய்வழியே குண்டை நழுவவிட்டால், அது குழாயின் அடியிலுள்ள ஊசியில் மோதித் தானே சீறிக் கிளம்பும். பயிற்சி பெற்றவர் நிமிடத்துக்கு இருபதுக்கும் மேல் வீசலாம். போருக்குப் பின் பிரெஞ்சுக்காரர் எட்கர் பிரான்ட் இதனைச் செம்மைப்படுத்தி, குண்டுக்கு வால்சிறகுகளும் நீர்த்துளி வடிவமும் தந்தார். இன்று உலகெங்கும் படைகள் கையாளும் 81 மில்லிமீட்டர் மோர்ட்டார் இக்குடும்பத்தின் வாரிசே.

நான்காவது இனம் எல்லாவற்றிலும் கொடியது. 1915 ஏப்ரல் 22 அன்று ஈப்ர் அருகே ஜெர்மானியர் உருளைகளிலிருந்து குளோரின் வாயுவைத் திறந்துவிட்டனர். பின்னர் நச்சுப்பொருள் குண்டுகளுக்குள்ளேயே அடைக்கப்பட்டது. நுரையீரலை அழிப்பதற்குப் பச்சைச் சிலுவை, தோலையும் கண்ணையும் பொசுக்கும் கடுகு வாயுவுக்கு மஞ்சள் சிலுவை, தும்மலும் வாந்தியும் வருவிக்கும் ஆர்செனிக் சேர்மங்களுக்கு நீலச் சிலுவை என்று ஜெர்மானியர் தம் குண்டுகளின்மேல் வண்ணக் குறிகள் தீட்டினர். மீட்பின் அடையாளமாக நாம் வணங்கும் சிலுவை, நஞ்சின் வகையைக் காட்டும் தொழிற்சாலைக் குறியாயிற்று. இதைவிடப் பெரிய தலைகீழ் மாற்றத்தை அந்த நூற்றாண்டில் தேடிக் காண்பது அரிது.

அறிவும் தொலைவும்

இவ்வளவையும் தெரிந்துகொண்டால், நிலத்தில் கிடப்பது இன்னதென்று நாமே சொல்லிவிடலாமே என்று ஒருவர் எண்ணக்கூடும். ஆபத்து பிறக்கும் இடம் இதுவே.

பீரங்கிக் குண்டு தொழிற்சாலையை விட்டு வரும்போது அதன் வெடிதூண்டி பல தடுப்புகளால் பூட்டப்பட்டிருக்கும். சுடும்போது ஏற்படும் அதிர்ச்சியும் சுழற்சியும் அத்தடுப்புகளை ஒவ்வொன்றாக விடுவிக்கும். ஆகவே சுடப்பட்டும் வெடிக்காத குண்டு, பூட்டுகள் யாவும் திறந்து, இறுதி அடிக்காக மட்டும் காத்திருப்பது. செம்புப் பட்டையில் சுழல்வரிகள் பதிந்திருந்தால் அது சுடப்பட்ட குண்டு என்று வல்லுநர் அறிவர். ஆனால் அந்த வரிகளைப் பார்க்குமளவு நெருங்கிச் சென்ற சாதாரண மனிதனுக்கு அந்த அறிவினால் என்ன பயன்?

வண்ணக் குறிகளும் கைகொடுப்பதில்லை. துரு அவற்றை என்றோ தின்றுவிட்டது. சேறு படிந்த நிலையில் நச்சுக் குண்டும் வெடிகுண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பெல்ஜியத்தின் போல்கப்பெல்லே ஊரிலுள்ள இராணுவ வெடிபொருள் அகற்றும் நிலையத்தில், வல்லுநர்களே எக்ஸ்ரே கதிர் கொண்டு உள்ளே திரவம் அசைகிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்கின்றனர்.

‘பழையது, ஈரமேறியது, இனி வெடிக்காது’ என்ற எண்ணம் பெரும் பிழை. பழைய குண்டுகள் பலவற்றில் நிறைக்கப்பட்ட பிக்ரிக் அமிலம், உலோகத்தோடு சேர்ந்து, சிறு உரசலையும் தாங்காத உப்புகளாக மாறவல்லது. நச்சுக் குண்டின் கூடோ ஆண்டுதோறும் மெலிந்து கசியத் தொடங்குகிறது. 2001 ஏப்ரலில், பிரான்சின் விமி ஊருக்கருகே சேமித்து வைத்திருந்த பழைய குண்டுகள் கசியும் அபாயம் தோன்றியபோது, பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். 2014 மார்ச்சில், ஈப்ர் நகரில் கட்டடப் பணியாளர் இருவர் அப்போரின் குண்டு வெடித்து மாண்டனர். அந்தப் போர் தொடங்கி அப்போது ஏறத்தாழ நூறாண்டுகள் ஆகியிருந்தன.

அழிப்பதும் எளிதன்று. 1928இல் வெர்டன் அருகே ஏறத்தாழ இரண்டு லட்சம் நச்சுக் குண்டுகளை எரித்தனர். அவ்விடத்து மண்ணில் ஆர்செனிக் இன்றளவும் செறிந்து கிடக்கிறது. நடுப்பகுதியில் புல்கூடச் சரியாக முளைப்பதில்லை.

ஒரே மண்ணில் எலும்பும் இரும்பும்

வெர்டனைச் சுற்றி ஒன்பது சிற்றூர்கள் குண்டுகளால் துடைக்கப்பட்டன. அவற்றுள் ஆறு, மக்கள் இல்லாத ஊர்களாகவே நின்றுவிட்டன. ஆயினும் அவற்றின் நினைவு அழியாதிருக்க, பிரெஞ்சு அரசு அவற்றுக்கு மேயரை நியமித்து வருகிறது. வாழவும் உழவும் இயலாத நிலப்பகுதி ‘சிவப்பு மண்டலம்’ எனப் பிரிக்கப்பட்டது. தொடக்கத்தில் அதன் பரப்பு ஏறத்தாழ 1,200 சதுர கிலோமீட்டர்.

அந்த மண்ணில் நடந்தவர்களுள் வெர்டன் ஆயர் சார்ல் ஜினிஸ்தி ஒருவர். எங்கும் சிதறிக்கிடந்த, அடையாளம் தெரியாத எலும்புகளைக் கண்டு, அவற்றுக்கு ஓர் இல்லம் அமைக்க முனைந்தார். ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினார். 1932இல் திறக்கப்பட்ட தூவமோன் எலும்பு நினைவகத்தில் ஏறத்தாழ 1,30,000 வீரரின் எச்சங்கள் உள்ளன. அவற்றுள் பிரெஞ்சுக்காரர் யார், ஜெர்மானியர் யார் என்று பிரித்தறிய வழியில்லை. பகைவர் ஒரே கூரையின்கீழ் துயில்கின்றனர். மனிதர்கள் சமாதானமாகிவிட்டனர், அவர்கள் எறிந்த இரும்புதான் இன்னும் சமாதானமாகவில்லை.

மன்னிப்புக் கிடைத்தபின்னும் குற்றத்தின் விளைவுகள் எஞ்சி நிற்கும் என்று திருச்சபை காலங்காலமாகக் கற்பித்து வருகிறது. பிரான்சும் ஜெர்மனியும் இன்று நட்பு நாடுகள். எனினும் எஞ்சியதை அகற்றும் உழைப்பு, குற்றத்தில் பங்கில்லாத தலைமுறையின் தோளில் விழுந்துள்ளது. 1945க்குப் பின் இப்பணியில் பிரான்சில் நூற்றுக்கணக்கான வெடிபொருள் அகற்றுநர் உயிர் துறந்துள்ளனர்.

நம் வாசலில்

இது தொலைதேசக் கதை என்று நாம் ஒதுக்க இயலாது. 2004 செப்டம்பர் 30 அன்று உத்தரப்பிரதேசத்தின் காசியாபாத்தில், வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான பழைய இரும்போடு கலந்து வந்த குண்டுகள் ஓர் ஆலையில் வெடித்து, தொழிலாளர் பத்துப்பேர் இறந்தனர். போர்க்களத்தையே காணாத ஏழை, எங்கோ நடந்த போருக்குப் பலியானான். பிரான்சிலும் போர் முடிந்ததும், பித்தளைக்கும் செம்புக்கும் ஆசைப்பட்டுக் குண்டுகளைப் பிரித்த வறியவர் பலர் மாண்டனர். வறுமையும் வெடிமருந்தும் எங்கு சந்தித்தாலும் முடிவு ஒன்றே.

‘எறிகணை’ என்ற சொல் ஈழத்து வன்னி மக்களுக்கு அகராதிச் சொல் அன்று. குழந்தைகளும் அறிந்த வீட்டுச் சொல். 2009 மே மாதத்தில் போர் முடிந்தபின், வயல்களும் பள்ளி வளாகங்களும் கண்ணிவெடிகளாலும் வெடிக்காத குண்டுகளாலும் நிறைந்திருந்தன. அவற்றை அடி அடியாகத் துழாவி அகற்றியோருள் பெண்கள் பலர். அவர்களுள் போரில் கணவரை இழந்தவர்களும் உண்டு. கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017இல் இணைந்தது. அந்தப் பெண்கள் மண்டியிட்டு மீட்ட ஒவ்வொரு சாண் நிலமும், எந்தப் படைவெற்றியையும்விடப் போற்றத்தக்கது.

ஆதலால் சிறுவருக்கு நாம் கற்பிக்க வேண்டியது குண்டுகளின் பெயர்ப்பட்டியல் அன்று. மண்ணிலோ, குளத்திலோ, பழைய இரும்புக் குவியலிலோ இனந்தெரியாத உலோகப் பொருளைக் கண்டால் தொடாதே, உதைக்காதே, கல்லெறியாதே, வந்த வழியே திரும்பிச் செல், பிறரை நெருங்கவிடாதே, காவல்துறைக்குச் சொல். இந்தச் சில சொற்களை நம் பள்ளிகளிலும் மறைக்கல்வி வகுப்புகளிலும் சொல்லிக்கொடுக்க நேரம் மிகுதியாகத் தேவைப்படாது.

பெரியோருக்கோ பாடம் வேறு. பீரங்கியை இயக்குமாறு ஆணையிடுவோர், அந்தப் போரில் யார் வெல்வார் என்று மட்டுமே கணக்கிடுகின்றனர். நூறாண்டு கழித்து அதே நிலத்தில் ஏர் பூட்டப்போகும் உழவன் அக்கணக்கில் இடம்பெறுவதில்லை. அவனுக்காகப் பேசும் கடமை நமக்கு உண்டு.