பதக்கம் வாங்காத தோள்கள்

மலேசியாவின் சுங்கை காடுட் வட்டாரத்துத் தோட்டங்களில் ஆம்புலன்ஸ் தொண்டின் வரலாறு எங்கே தொடங்குகிறது என்று கேட்டால், 1887இல் இங்கிலாந்தில் உருவான செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் படையைத்தான் பலரும் சொல்வார்கள். சீருடையும் முதலுதவிச் சான்றிதழும் அந்த வழியாக வந்தவைதாம். ஆனால் அடிபட்டவரைத் தூக்கிச் சுமந்தவர்களிலிருந்து கணக்கைத் தொடங்கினால், தோட்டத் தமிழர் உதவி பெற்றவர்களாக மட்டும் நிற்கமாட்டார்கள். இதற்கு வலுவான சான்று மலாயாவில் அல்ல, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் இருக்கிறது. 1899இல் போயர் போர் மூண்டதும் காந்தி அங்கே இந்திய ஆம்புலன்ஸ் படையைத் திரட்டினார். ஏறத்தாழ 1,100 பேரில் 300 பேர்தாம் ஒப்பந்தம் முடிந்த சுதந்திர இந்தியர். மற்றவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலுக்குப் போன கூலிகளில் பெரும்பகுதியினர் சென்னையில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும். டாக்டர் பூத் என்ற பாதிரியார் அவர்களைப் பழக்கினார். கொலென்சோ, ஸ்பியன் கோப் போர்க்களங்களில் காயம்பட்டவர்களைத் தூக்குக்கட்டிலில் ஏற்றி, ஒரே நாளில் 20 முதல் 25 மைல் வரை நடந்தார்கள்.

ஒப்பந்தக் கூலியை முதலாளிதானே அனுப்பினார், அவரைத் தொண்டர் என்பது எப்படி என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தலைவர்கள் சம்பளம் வாங்கவில்லை, சுமந்தவர்களுக்குக் கூலி உண்டு என்பதும் உண்மை. ஆனால் குண்டு விழும் எல்லைக்குள் போவது அவர்கள் ஏற்ற வேலையில் இல்லை. ஸ்பியன் கோப்பில் பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் புல்லர், கட்டாயமில்லை, வந்தால் நன்றி என்று சொல்லி அனுப்பினார். போனார்கள். கூலி வாங்கியவர் அந்த எல்லையைத் தாண்டியதை வெறும் வேலை என்று எழுதி முடிப்பது அநியாயம். போர் முடிந்தபின் பதக்கம் 37 தலைவர்களுக்குத்தான் வந்தது; சுமந்த நூற்றுக்கணக்கானோர் பதிவேட்டில் வெறும் எண்ணிக்கை.

மலாயாத் தோட்டங்களிலும் சுமந்தவர்களுக்குப் பதிவு இல்லை. இங்கே ஒப்பந்த முறை 1910இல் நின்றது, கங்காணி வழி ஆள் சேர்ப்பு 1938வரை நீடித்தது. அந்த ஆட்களுக்குத் தோட்டத்தில் ஆஸ்பத்திரி வைக்க முதலாளிகளைப் பணிக்கும் அதிகாரம் தொழிலாளர் சட்டத்தில் இருந்தது. டிரஸ்ஸர்கள் எனப்பட்ட மருத்துவ உதவியாளர்கள் வந்தார்கள்; அவர்களைப் பதிவு செய்ய 1965இல் தனிச் சட்டமும் வந்தது. ஆக, மருந்து கொடுத்தவருக்கு ஏடு உண்டு. நள்ளிரவில் லயத்திலிருந்து நோயாளியைத் தூக்கிவந்த அண்டை வீட்டாருக்கு எந்த ஏடும் இல்லை. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவரும் இந்த வட்டாரத்தில், அவர்கள் பெயர்களை நினைவில் வைத்திருக்கும் முதியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளும் வேலையை எந்தத் தொண்டமைப்பும் இன்றே தொடங்கலாம்.