புல்வெளியும் கற்பூர மரமும்: நீலகிரியின் நீர்க்கணக்கு

நீலகிரி மேட்டுநிலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. குன்றுகளின் மேல் புல்வெளி, மடிப்புகளில் சோலை, தாழ்வான இடங்களில் சதுப்பு என்பதே அதன் பழைய நில அமைப்பு. மழைநீரைப் புல்லின் வேர்ப்பின்னலும் சோலை மண்ணும் உள்வாங்க, சதுப்பு அதைத் தேக்கி, மழை நின்ற பிறகும் ஓடைகளுக்குச் சிறிது சிறிதாக விடும். பைக்காரா, குந்தா ஆறுகளுக்குக் கோடை நீர் இப்படித்தான் கிடைத்துவந்தது.

தோடர்கள் எருமை மேய்த்த இப்புல்வெளியை ஆங்கிலேய அரசு தரிசாகவே கருதியது. உதகமண்டலம் வளர வளர விறகுக்காகச் சோலைகள் வெட்டப்பட்டன. இதனால் எழுந்த விறகுத் தட்டுப்பாட்டைத் தீர்க்க ஆஸ்திரேலியாவின் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் நடப்பட்டன. கற்பூர மரம் 1843-ல் இங்கு வந்தது. 1863-ல் உதகையின் அரம்பியில் அரசுத் தோட்டம் உருவானது. விடுதலைக்குப் பிறகு தோல் பதனிடச் சீகைப் பட்டையும், செயற்கைப் பட்டு இழைக்கு மரக்கூழும் தேவைப்பட்டதால், ஐந்தாண்டுத் திட்டங்களின் காலத்தில் புல்வெளிகள் வேகமாகத் தோட்டங்களாக மாறின.

அதே மலையின் நீரை நம்பி நீர்மின் நிலையங்களும் எழுந்தன. 1930-களில் பைக்காராவும் 1960-களில் குந்தாவும் மின்சாரம் தரத் தொடங்கின. இதனால் கற்பூர மரம் எவ்வளவு நீரை எடுத்துக்கொள்கிறது என்ற கேள்வி வலுத்தது. 1954 முதல் உதகையில் இயங்கும் மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் நீலகிரியின் கிளன்மார்கனில் அதற்கு விடை தேடியது. ஏறத்தாழ 32 ஹெக்டேர் பரப்புள்ள இரண்டு அடுத்தடுத்த நீர்ப்பிடிப்புகளின் ஓடைகளில் அளவுத் தடுப்பணை கட்டி, 1968 முதல் ஓட்டத்தை அளந்தனர். இரண்டின் இயல்பும் பிடிபட்ட பின், 1972-ல் ஒன்றில் மட்டும் 59 விழுக்காட்டு நிலத்தில் கற்பூர மரம் நட்டனர். மற்றொன்று புல்வெளியாகவே விடப்பட்டது.

முதல் பத்தாண்டுச் சுற்றில் மரம் நட்ட பகுதியின் ஆண்டு நீர்வரத்து 16 விழுக்காடு குறைந்தது. மரங்களை வெட்டியபின் அடிக்கட்டைகளிலிருந்து தழைத்த இரண்டாம் சுற்றில் குறைவு 25.4 விழுக்காடு ஆனது. ஏற்கெனவே ஆழமாக ஊன்றிய வேர் புதுத் தளிர்களுக்கு நீரைத் தந்ததே இதற்குக் காரணம். வறண்ட மாதங்களின் ஓட்டம் இன்னும் கடுமையாகச் சரிந்தது. உலகெங்கும் நடந்த 94 நீர்ப்பிடிப்பு ஆய்வுகளை 1982-ல் தொகுத்துப் பார்த்தபோதும், மரப்பரப்பு கூடினால் ஓடை நீர் குறைகிறது என்பதே பொதுப்போக்காகத் தெரிந்தது.

வண்டலின் கணக்கு வேறு. புல்வெளியோ நின்ற தோட்டமோ மண்ணை அதிகம் இழப்பதில்லை. சரிவில் வரப்பில்லாமல் உருளைக்கிழங்கு பயிரிடுவது, தோட்டத்தை ஒரேயடியாக வெட்டிச் சாய்ப்பது, மரம் இறக்கப் பாதை வெட்டுவது ஆகியவையே மண்ணை அணைகளுக்கு இழுத்து வருகின்றன. ஆகவே குந்தா நீர்ப்பிடிப்பில் படிமட்ட வயல்களும் ஓடைத் தடுப்புகளும் அமைக்கப்பட்டன.

1988-ன் தேசிய வனக் கொள்கை வருவாயைவிடச் சூழல் நிலைப்பாட்டை முன்னிறுத்தியது. தமிழ்நாடு அரசு 2022-ல் அயல் தாவரங்களை அகற்றி இயற்கை வாழிடங்களை மீட்கத் தனிக் கொள்கை வெளியிட்டது. அகற்றுவதிலும் கவனம் தேவை. சீகை விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடந்து, மரம் போனதும் மொத்தமாக முளைக்கும். வெறுமையான சரிவை மழை அரிக்கும். எனவே பகுதி பகுதியாக வெட்டி, உடனுக்குடன் புல் நடவேண்டும்.

கிளன்மார்கனில் கிடைத்த எண்களை எல்லா மலைக்கும் பொருத்த முடியாது. எடுத்துக்காட்டாக, மருதையாறு பச்சைமலையில் பிறந்து பெரம்பலூர், அரியலூர் வழியே கொள்ளிடம் சேர்கிறது. அங்கே மழை குறைவு, காடும் இலையுதிர் வகை. ஊர்களின் நீர் ஏரிகளில் தேங்குவதால், மலையில் அரித்த மண் ஏரியின் கொள்ளளவைத் தின்றுவிடும். மேய்ச்சலையும் மரம் வெட்டுவதையும் கட்டுப்படுத்தி மலைமண்ணைக் காப்பதே அந்த ஏரிகளைக் காக்கும் முதல் வேலை. கூடுதலாக எந்த மரத்தை எவ்வளவு நடலாம் என்பதை அங்குள்ள மழையையும் ஓடையையும் அளந்தே முடிவு செய்ய வேண்டும்.